மூடியைத் திறந்து பார்த்தவர்கள்

கல்லைக் கூர்மையாக்கி மரத்தை வெட்டிய நாள்முதலாக மனிதன் கருவிகளோடு வாழ்ந்து வருகின்றான். கருவிகளை விரும்பாத மக்கள் உலகில் எங்கும் இல்லை. ஆயினும், அவ்விருப்பம் இருவகைப்படும். ஒன்று, கருவியை உடைமையாகப் பெறும் விருப்பம். மற்றொன்று, கருவியை அறிந்துகொள்ளும் விருப்பம். முன்னது கடைவீதியில் தொடங்கிக் கடைவீதியிலேயே முடிந்துவிடுகின்றது. புதிய கைப்பேசி ஒன்றை வாங்கி மகிழ்ந்தவன், அதனினும் புதியது வெளிவந்த அன்றே தன் கையிலுள்ளதை வெறுக்கத் தொடங்குகின்றான். பின்னதோ, கருவி கைக்கு வந்த பிறகே தொடங்குகின்றது. 'இஃது எவ்வாறு இயங்குகின்றது?' என்னும் வினாவே அதற்கு வித்து. ஒரு வினாவுக்கு விடை கிடைத்தவுடன் மற்றொரு வினா முளைக்கின்றது. அவ்விருப்பத்திற்கு முடிவே இல்லை.

இத்தகைய வினாக்களோடு வாழ்பவர்களை ஆங்கிலம் பேசுவோர் 'கீக்' என்று அழைக்கின்றனர். அச்சொல் பிறந்தபோது புகழ்ச்சொல்லாக இருக்கவில்லை. வட இங்கிலாந்தின் பேச்சு வழக்கில் மூடனைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து அது தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க நாட்டுக் கேளிக்கைக் கூடாரங்களில் அருவருக்கத்தக்க வேடிக்கைகளைக் காட்டிப் பிழைத்தவர்களுக்கு அப்பெயர் வழங்கிற்று. பின்னர், விளையாட்டையும் கூட்டத்தையும் விட்டுக் கம்பியும் கருவியுமாகப் பொழுது போக்கிய மாணவரை ஏனையோர் எள்ளி நகையாடும் சொல்லாயிற்று. இன்றோ பலர் அப்பெயரைத் தமக்குத் தாமே பெருமையுடன் சூட்டிக்கொள்கின்றனர். இகழ்ச்சொல் எவ்வாறு புகழ்ச்சொல் ஆயிற்று? அப்பெயருக்கு உரியவர்கள் செய்து காட்டிய செயல்களே அதற்குக் காரணம். அச்செயல்களைக் காண்பதற்கு முன்னர், 'எவ்வாறு?' என்று வினவுவதில் அப்படி என்ன இன்பம் இருக்கின்றது என்பதைச் சிறிது சுவைத்துப் பார்ப்போம்.

கைப்பேசியின் தொடுதிரையை அறியாதார் இலர். விரல் பட்டதும் அது பணிகின்றது. ஆனால் விரலுக்கு மாறாக நகத்தின் நுனியை மட்டும் வைத்துப் பாருங்கள். எழுதுகோலின் மூடியை வைத்து அழுத்திப் பாருங்கள். எவ்வளவு அழுத்தினாலும் திரை வாளா இருக்கும். அது அழுத்தத்தை அறியும் திரையாக இருந்தால் மூடிக்கும் பணிந்திருக்க வேண்டும் அன்றோ? உண்மை வேறு. கண்ணாடியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் சிறிதளவு மின்னூட்டம் தேங்கி நிற்கின்றது. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தவல்லது. ஆதலின், விரல் அருகே வந்ததும் அவ்விடத்தில் தேங்கும் மின்னூட்டத்தின் அளவு மாறுகின்றது. எந்தக் குறுக்குச் சந்தியில் மாற்றம் நேர்ந்தது என்பதைக் கைப்பேசி கணக்கிட்டு அறிகின்றது. நகமும் நெகிழியும் கம்பளிக் கையுறையும் மின்சாரத்தை நன்கு கடத்துவதில்லை. ஆகவே திரை அவற்றை உணர்வதில்லை.

கைப்பேசியைக் குறுக்காகத் திருப்பினால் படமும் உடன் திரும்புகின்றது. கைப்பேசிக்குத் தான் சாய்ந்ததும் நிமிர்ந்ததும் எவ்வாறு தெரியும்? அதனுள் மணலளவே ஆன சிலிக்கன் துண்டு ஒன்று, சிலிக்கனாலேயே செய்த நுண்ணிய வில்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றது. ஓடும் பேருந்து திடீரென நின்றால் நாம் முன்னே சாய்வதைப் போலவும், பேருந்து வளைந்தால் நாம் பக்கத்தில் சாய்வதைப் போலவும், அத்துண்டும் அசைவுக்கு ஏற்ப இடம்பெயர்கின்றது. அசைவே இல்லாத போதும் புவியின் ஈர்ப்பு அதனை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் 'கீழ்' எது என்பது கைப்பேசிக்குத் தெரியும். துண்டு இடம்பெயர்ந்ததை அளப்பது எது? தொடுதிரையில் நாம் கண்ட அதே மின்னூட்ட மாற்றமே. ஒரே கருத்து, திரையில் ஒரு வடிவிலும் உள்ளே மற்றொரு வடிவிலும் வேலை செய்கின்றது. இதனை அறிந்தவன் கைப்பேசியைக் கையில் எடுக்கும்போது பெறும் இன்பம், அதன் விலையைச் சொல்லி மகிழ்பவனுக்குக் கிட்டுவதன்று.

மற்றும் ஒரு சிறு சோதனை. தொலைக்காட்சியைத் தொலைவிலிருந்து இயக்கும் கருவியின் முனையில் சிறு விளக்கு ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினாலும் அது எரிவதாக நம் கண்ணுக்குத் தோன்றாது. அதனைக் கைப்பேசியின் ஒளிப்படக் கருவி வழியாகப் பாருங்கள். பல கைப்பேசிகளில் அவ்விளக்கு மினுமினுப்பது தெளிவாகத் தெரியும். அது வெளியிடுவது அகச்சிவப்பு ஒளி. நம் கண் அதனைக் காணாது. ஒளிப்படக் கருவியின் சில்லு காணும். ஒவ்வொரு பொத்தானுக்கும் அவ்விளக்கு ஒவ்வொரு விதமாக விட்டுவிட்டு எரிகின்றது. தொலைக்காட்சி அந்த ஒளி மொழியைப் படித்துப் பணிகின்றது. வீட்டில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த பொருள் ஒன்று, ஒரு வினாவினால் புதியதாகிவிட்டது.

இவ்வாறு வினவிப் பார்த்தவர்கள் முன்னரும் இருந்தனர். வானொலி தோன்றிய காலத்தில், அதனை விலை கொடுத்து வாங்க இயலாத இளைஞர் பலர் தாமே செய்துகொண்டனர். சுற்றிய கம்பிச் சுருள், கலினா என்னும் ஈயக் கனிமத்தின் சிறு படிகம், அதன்மேல் மெல்லத் தொடும் ஓர் ஊசிமுனை, காதில் வைக்கும் ஒலிப்பான் ஆகியவையே அதன் உறுப்புகள். அதற்கு மின்கலம் வேண்டுவதில்லை. வானொலி அலையின் ஆற்றலே காதில் ஒலியாக மாறும். இரண்டாம் உலகப் போரின்போது, 1944ஆம் ஆண்டில், இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் பதுங்குகுழிகளில் இருந்த அமெரிக்கப் படைவீரர் சிலர், படிகத்திற்கு மாறாகச் சவரத் தகட்டையும் எழுதுகோலின் கரிமுனையையும் வைத்து வானொலி செய்து பாட்டுக் கேட்டனர். கருவியின் உட்பொருளை அறிந்தவனுக்குக் குப்பையில் கிடக்கும் பொருளும் உறுப்பாகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயினும், கணிப்பொறி மட்டும் நெடுங்காலம் இவர்கள் கைக்கு எட்டாப் பொருளாக இருந்தது. 1960ஆம் ஆண்டுகளில் கணிப்பொறி என்றால், பெரு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் மட்டுமே வைத்திருக்கக்கூடிய பெரிய பொறி. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம், கணக்கிடும் பகுதி முழுவதையும் ஒரே சில்லில் அடக்கி நுண்செயலியை விற்பனைக்குக் கொணர்ந்தது. நகத்தளவே ஆன அச்சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. கணிப்பொறியின் மூளை மலிந்துவிட்டது. ஆனால், தனி மனிதன் ஒருவன் தன் வீட்டில் கணிப்பொறி வைத்திருக்க விரும்புவான் என்று பெரு நிறுவனங்கள் கருதவில்லை. 'அதனை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?' என்பது அவற்றின் வினா.

அவ்வினாவுக்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1975ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்னும் அமெரிக்க இதழின் அட்டையில் ஒரு நீலப் பெட்டியின் படம் வெளிவந்தது. அதன் பெயர் ஆல்டேர் 8800. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில், எட் ராபர்ட்ஸ் என்பார் நடத்திய சிறு நிறுவனம் அதனை உருவாக்கியது. கடனில் மூழ்கியிருந்த அந்நிறுவனம் சில நூறு பெட்டிகள் விற்றால் போதும் என்று எண்ணியது. ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினர். நானூறு டாலருக்கும் குறைந்த விலையில் அவர்கள் பெற்றது யாது? உறுப்புகள் நிறைந்த பொதி ஒன்று. அவற்றைத் தாமே பற்றவைத்துப் பொருத்த வேண்டும். பொருத்தி முடித்த பின்னரும் அதற்குத் திரையில்லை, விசைப்பலகையில்லை. முகப்பில் சில விசைகளும் சிவப்பு விளக்குகளுமே இருந்தன. அதன் நினைவகம் 256 எண்குறிகளை மட்டுமே கொள்ளும். இப்பத்தியின் சில வரிகளைக்கூட அதில் அடக்க முடியாது. கட்டளைகளை ஒவ்வொன்றாக விசைகளை மேலும் கீழும் தள்ளி உட்செலுத்த வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் அழிந்துவிடும்.

இத்துணைப் பயனற்ற பொறியை வாங்க மக்கள் ஏன் முந்தினர்? அது 'தம்முடையது' என்பதே காரணம். அதன் மூடியைத் திறக்க எவருடைய இசைவும் வேண்டுவதில்லை.

அவ்வாண்டு மார்ச்சு மாதம் 5ஆம் நாள் மாலை, கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க்கு என்னும் ஊரில், கார்டன் பிரெஞ்சு என்பவரின் வீட்டு வண்டிக் கொட்டகையில் ஏறத்தாழ முப்பது பேர் கூடினர். கார்டன் பிரெஞ்சும் பிரெட் மூர் என்பவரும் அக்கூட்டத்தைக் கூட்டியிருந்தனர். அதுவே பின்னர் 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்' எனப் பெயர் பெற்றது. வீட்டில் தம் கையாலேயே கணிப்பொறி செய்வோர் கழகம் என்பது அதன் கருத்து. அங்குக் கட்டணம் இல்லை, தேர்வு இல்லை. தனக்குத் தெரிந்ததை எழுந்து சொல்ல வேண்டும். தெரியாததைக் கேட்க வேண்டும். ஒருவர் வரைந்த மின்சுற்றுப் படத்தை மற்றொருவர் படியெடுத்துச் செல்வர். அடுத்த கூட்டத்திற்கு அதனைத் திருத்திக் கொண்டு வருவர். கொட்டகை போதாமல், பின்னர் அக்கழகம் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கில் கூடலாயிற்று.

அவ்வாண்டு ஏப்ரல் மாதக் கூட்டம் ஒன்றில் ஸ்டீவ் டாம்பியர் என்னும் இளைஞர் தம் ஆல்டேர் பெட்டியையும் சிறு வானொலி ஒன்றையும் கொண்டு வந்தார். கணிப்பொறி இயங்கும்போது அதனுள் மின்னோட்டம் விரைந்து மாறுவதால் மெல்லிய வானொலி அலைகள் எழும். அருகிலுள்ள வானொலியில் அவை இரைச்சலாகக் கேட்கும். எல்லாரும் அதனைத் தொல்லை என்று கருதினர். டாம்பியரோ, எந்தக் கட்டளைகளை எவ்வளவு விரைவில் திரும்பத் திரும்ப இயக்கினால் எந்தச் சுருதி எழும் என்று ஆராய்ந்தார். விசைகளைத் தள்ளித் தள்ளி நிரலை உட்செலுத்தினார். வானொலியிலிருந்து, அக்காலத்தில் புகழ்பெற்ற பாடல் ஒன்றின் மெட்டு எழுந்தது. திரையும் ஒலிபெருக்கியும் இல்லாத பெட்டி பாடிற்று! கூடியிருந்தோர் எழுந்து நின்று கைதட்டினர். 'கணிப்பொறியை வைத்துக்கொண்டு தனி மனிதன் என்ன செய்வான்?' என்னும் வினாவுக்கு அஃது ஒரு விடை. பெரு நிறுவனங்கள் எண்ணிப் பாராததை அவன் செய்வான் என்பதே அது.

முதற்கூட்டத்திற்கு வந்தவர்களுள் ஸ்டீவ் வாஸ்னியாக் என்பவரும் ஒருவர். சிறுவராயிருந்தபோதே பயில்முறை வானொலி உரிமம் பெற்ற அவர், அப்பொழுது ஒரு நிறுவனத்தில் கைக்கணிப்பான்களை வடிவமைத்து வந்தார். அன்று கேட்டவை அவர் உள்ளத்தில் பற்றிக்கொண்டன. மலிவான சில்லு ஒன்றைக் கொண்டு, விசைப்பலகையையும் வீட்டுத் தொலைக்காட்சியையும் இணைக்கத்தக்க கணிப்பொறி ஒன்றை உருவாக்கினார். அதன் மின்சுற்றுப் படத்தைக் கழகத்தினருக்குத் தாமே வழங்கினார். அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ், அதனை விற்கவும் கூடும் என்று கண்டார். வாஸ்னியாக் தம் கைக்கணிப்பானையும், ஜாப்ஸ் தம் வண்டியையும் விற்று முதல் திரட்டினர். 1976ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் பிறந்தது. இன்று உலகெங்கும் பல்லாயிரம் கோடி மதிப்புடன் விளங்கும் அந்நிறுவனத்தின் வேர், அறிந்ததை மறைக்காமல் பகிர்ந்துகொண்ட ஒரு கூட்டத்தில் ஊன்றியிருக்கின்றது.

பகிர்தலுக்கும் ஓர் எல்லை உண்டோ என்னும் வழக்கும் அக்காலத்திலேயே எழுந்தது. ஆல்டேர் பொறிக்கு நிரல்மொழி ஒன்றை எழுதி விற்ற இளைஞர் பில் கேட்ஸ், 1976ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இவர்களுக்குத் திறந்த மடல் ஒன்று விடுத்தார். தம் நிரலைப் பலர் விலை கொடாமல் படியெடுத்துக் கொண்டனர் என்பதும், உழைத்து எழுதியவனுக்கு ஊதியம் இல்லையேல் நல்ல நிரல் எவ்வாறு தோன்றும் என்பதும் அவர் முறையீடு. அதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. தம் நிரலைத் தாமே மனமுவந்து எல்லாருக்கும் வழங்கியோர் பின்னாளில் பலர் தோன்றினர். பிறர் பொருளை எடுத்துக்கொள்வது வேறு. தன் பொருளைப் பகிர்ந்துகொள்வது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவனே நல்ல கருவி விரும்பி ஆவான்.

காலம் சென்றது. கணிப்பொறி எளிதாயிற்று, அழகாயிற்று, அதனுடன் மூடியும் இறுகிற்று. 1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த 'பிபிசி மைக்ரோ' போன்ற பொறிகளை இயக்கினால், கட்டளையை எதிர்பார்த்துத் திரையில் ஒரு குறி மட்டுமே மின்னும். ஏதேனும் எழுதினால்தான் அது எதையேனும் செய்யும். ஆகவே சிறுவர்கள் எழுதக் கற்றனர். பின்னர் வந்த பொறிகளோ எல்லாவற்றையும் ஆயத்தமாகக் கொண்டு வந்தன. அழுத்தினால் போதும், எழுத வேண்டுவதில்லை. அதன் விளைவு கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் தெரிந்தது. கணிப்பொறியியல் பயில வரும் மாணவரின் தொகையும் திறமையும் ஆண்டுதோறும் குறைந்து வருவதை எபன் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் கண்டனர். முன்பு வந்தோர் வீட்டிலேயே நிரல் எழுதிப் பழகியவர்கள். பின்பு வந்தோருள் பலர் பொத்தான்களை அழுத்த மட்டும் அறிந்தவர்கள். கணிப்பொறி வீடுதோறும் இருந்தது. அதனை அறிந்தோரோ குறைந்துகொண்டே வந்தனர்!

குறையை அறிந்தோர் வருந்தி வாளா இருக்கவில்லை. 2009ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளை நிறுவினர். 2012ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 29ஆம் நாள் 'ராஸ்பெரி பை' என்னும் சிறு கணிப்பொறியை விற்பனைக்கு விட்டனர். வங்கி அட்டையின் அளவே ஆன பலகை அது. அன்று விற்பனைக்கு வந்ததன் விலை 35 டாலர். அதற்கு மூடியே இல்லை. சில்லும் கம்பியும் கண்ணெதிரே தெரிய, 'என்னை ஆராய்ந்து பார்' என்று அழைப்பதுபோல் அது கைக்கு வந்தது. கெட்டுவிட்டாலும் பெருநட்டம் இல்லை. ஆதலின் அஞ்சாமல் செய்து பார்க்கலாம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அத்தகைய பலகைகள் இரண்டு பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கு அனுப்பப்பட்டன. பிரித்தானியப் பள்ளி மாணவர் எழுதிய நிரல்கள் அவற்றில் இயங்கின. காற்றின் ஈரப்பதம் மாறுவதைக் கொண்டு, அருகில் விண்வெளி வீரர் வந்திருக்கின்றாரா என்று அறிய முயன்றது அவற்றுள் ஒன்று. பள்ளிச் சிறுவர் எழுதிய கட்டளை, புவியைச் சுற்றி வரும் நிலையத்தில் நிறைவேறிற்று!

கருவியை அறிவது இன்பம் மட்டும் அன்று, கடமையும் ஆகும். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் கழித்தெறியப்பட்ட மின்பொருள்களின் எடை ஏறத்தாழ 6 கோடியே 20 இலட்சம் டன் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பினர் கணக்கிட்டுள்ளனர். அதில் கால் பங்குக்கும் குறைந்ததே முறையாகச் சேர்க்கப்பட்டு மீண்டும் பயனுக்கு வந்தது. எஞ்சியவற்றுள் உள்ள ஈயமும் பாதரசமும் மண்ணையும் நீரையும் கெடுக்க வல்லவை. கழித்தெறியப்பட்டவை எல்லாம் பயனற்றுப் போனவையா? சில, ஒரு கம்பி அறுந்தவை. சில, மின்கலம் தளர்ந்தவை. இதனை எண்ணிய மார்ட்டின் போஸ்ட்மா என்னும் அம்மையார், 2009ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆம்ஸ்டர்டாம் நகரில் 'பழுதுநீக்கு விடுதி' ஒன்றைத் தொடங்கினார். பழுதுற்ற பொருளோடு மக்கள் அங்கு வருவர். கருவி நுட்பம் அறிந்த தொண்டர்கள் உடனமர்ந்து, உரியவரைக் கொண்டே அதனைச் செப்பனிடச் செய்வர், ஊதியம் கேட்பதில்லை. இன்று பல நாடுகளில் அத்தகைய விடுதிகள் நடைபெறுகின்றன. மூடியைத் திறக்கவியலாதவாறு பசையிட்டு ஒட்டும் நிறுவனங்களுக்கு எதிராக, 'செப்பனிடும் உரிமை' என்னும் குரலும் எழுந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் அவ்வுரிமைக்குச் சட்டவடிவம் தந்தது.

ஆயின், மாணவர்களே, ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். துணிவு வேறு, கண்மூடித்தனம் வேறு. சுவரிலுள்ள மின்சாரத்தோடு இணைந்த கருவியை ஒருபோதும் திறத்தல் ஆகாது. சில கருவிகள் இணைப்பை நீக்கிய பின்னரும் மின்னூட்டத்தைத் தம்முள் தேக்கி வைத்திருக்கும். கைப்பேசியின் மின்கலத்தைக் குத்தினாலோ வளைத்தாலோ அது தீப்பற்றும். ஆகவே, சிறு மின்கலத்தால் இயங்கும் பழைய பொம்மை, கெட்டுப்போன கைவிளக்கு ஆகியவற்றில் தொடங்குங்கள். அறிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய திருகாணிகளை வரிசையாக வைத்து, கழற்றிய முறையைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிரித்ததை மீண்டும் பொருத்தத் தெரிந்த அன்றே நீங்கள் அதனை அறிந்தவர் ஆவீர்கள்.

ஒரு கருவியின் விலையைக் கொடுத்தவன் அதன் உரிமையாளன். அதன் இயல்பை அறிந்தவனே அதன் தலைவன். மென்லோ பார்க்கு வண்டிக் கொட்டகையில் கூடியவர்கள் பெருஞ்செல்வர்கள் அல்லர். அவர்களிடம் இருந்தவை ஒரு வினாவும், அதற்கு விடை காணும் கையும், கண்ட விடையைப் பகிரும் மனமுமே. அம்மூன்றும் நம்மிடம் இருந்தால், கருவிகள் நமக்குப் பணி செய்யும். இல்லையேல், நாம் அறியாமலே அவற்றுக்குப் பணி செய்பவர்கள் ஆவோம்.